பழைய கம்யூனிகேஷன் ரிசீவர் கைக்கு வந்திருக்கிறதா? சரிசெய்ய ஆள் தேடும் வழி

தாத்தா விட்டுப்போனதாக இருக்கலாம், காயலான் கடையில் கண்ணில் பட்டதாக இருக்கலாம், வீடு மாற்றும் ஹாம் நண்பர் (பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் பேசுபவர்) "எடுத்துட்டுப் போப்பா" என்று கொடுத்ததாகவும் இருக்கலாம். எப்படி வந்தாலும், முன்பக்கம் முழுக்கக் குமிழும் முள்ளுமாக இருக்கும் அந்த இரும்புப் பெட்டியை வீட்டில் இறக்கியதும் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை யாரிடம் கொடுப்பது?

முதலில் இது என்ன சாமான் என்று ஒரு வார்த்தை. மர்ஃபி, பிலிப்ஸ் போன்ற வீட்டு வால்வு ரேடியோவில் ஐந்து, ஆறு வால்வு இருக்கும். வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த, உள்ளே சூடாகி எரியும் குழல். பாட்டும் செய்தியும் கேட்க அது போதும். கம்யூனிகேஷன் ரிசீவர் என்பது கப்பல், விமானம், ராணுவம், ஒட்டுக்கேட்பு நிலையம் ஆகியவற்றுக்காகக் கட்டியது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஏ.ஆர்.88-இல் 14 வால்வுகள். ஹேமர்லண்ட் எஸ்.பி.600-இல் 20. பிரிட்டனின் ராக்கால் ஆர்.ஏ.17-இல் 23. மோர்ஸ் தந்திக் குறிகளை விசில் ஒலியாகக் கேட்க பி.எஃப்.ஓ., பக்கத்து நிலையத்தை வெட்டி ஒதுக்க கிரிஸ்டல் ஃபில்டர் என்று வீட்டு ரேடியோவில் இல்லாத பல சங்கதிகள் உள்ளே உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டிஸ்போசல் சரக்காக, அதாவது வேண்டாமென்று கழித்து, விற்ற ராணுவ ரேடியோக்களை வைத்துத்தான் நம் ஊர் ஹாம்கள் பல காலம் காதைப் பழக்கினார்கள். அதனால் இங்கே இவை கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தக் கட்டுரையில் ஏ.ஆர்.88-ஐயே பெரும்பாலும் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் இருப்பது எடிஸ்டோன், ஹாலிகிராஃப்டர்ஸ் போன்ற வேறு கம்பெனி செட் ஆனாலும் வழி இதேதான்.

பிளக்கில் செருகாதீர்கள்

"எரியுதான்னு மட்டும் பார்ப்போம்" என்ற ஆசையில் போன செட்டுகள் ஏராளம். முப்பது, நாற்பது வருஷம் சும்மா கிடந்த செட்டில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள் காய்ந்திருக்கும், காகிதக் கண்டன்சர்கள் ஈரம் குடித்து மின்சாரத்தை லீக் செய்யும். சுவிட்ச் போட்டதும் ஷார்ட் ஆகி மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போனால், அதே அளவில் இன்னொன்று கடையில் வாங்க முடியாது. கண்டன்சர் போனால் சில ரூபாய். டிரான்ஸ்ஃபார்மர் போனால் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடையில் மாதக்கணக்கில் தவம்.

மின்சாரம் எவ்வளவு என்பது அடுத்த சிக்கல். அமெரிக்க வீட்டு உபயோக செட்டுகள் பல 115 வோல்ட்டுக்கானவை. நம் 230-இல் செருகினால் அவ்வளவுதான். ஏ.ஆர்.88-இன் டிரான்ஸ்ஃபார்மரில் வெவ்வேறு வோல்ட்டேஜுக்கு டேப்புகள் (இணைப்பு முனைகள்) உண்டு. அதில் எந்த டேப்பில் இணைப்பு இருக்கிறது என்று பார்க்காமல் தொடக்கூடாது. அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களில் இருந்த பி.சி.348-க்கு விமானத்தின் 28 வோல்ட் டி.சி.தான் சாப்பாடு. லங்காஸ்டர் விமானத்தில் இருந்த பிரிட்டிஷ் ஆர்.1155-க்குள் பவர் சப்ளையே கிடையாது. இவற்றை யாராவது ஏற்கெனவே ஏ.சி.க்கு மாற்றியிருப்பார்கள், எப்படி மாற்றினார்கள் என்பது அவரவர் கைவண்ணம்.

ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்.38 மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட்டுகளை இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்கணும். மெயின்ஸின் ஒரு கம்பியோடு, பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சாசிக்கே தொடர்பு இருக்கக்கூடும். பிளக் திரும்பிப் போனால் குமிழைப் பிடிக்கும் திருகாணியில்கூட ஷாக் அடிக்கும். இப்படிப்பட்ட செட்டை, மெயின்ஸிலிருந்து அதைப் பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர் மட்டுமே திறக்கட்டும்.

செட்டின் ஜாதகத்தை எழுதுங்கள்

நிபுணரைத் தேடுமுன் நீங்கள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் இது. பாதி வேலை இங்கேயே முடியும்.

பெயர்ப்பலகையில் இருப்பதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் செட் வேறு. ஏ.ஆர்.88டி 535 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 32 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், அதன் ஐ.எஃப். (வரும் சிக்னலை செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) 455 கிலோஹெர்ட்ஸ். ஏ.ஆர்.88எல்.எஃப். கீழே 73 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்கும், ஐ.எஃப். 735. வெளியே பார்க்க இரண்டும் அண்ணன் தம்பிதான். தவறான சர்க்யூட்டைக் கொடுத்து ஒருவரை வேலை செய்யச் சொன்னால் குற்றம் அவருடையது அல்ல.

அப்புறம் படங்கள். முன்பக்கம், பின்பக்கம், மேல் மூடியைத் திறந்து வால்வுகள், அடியில் ஒயரிங். செல்போன் போதும், ஆனால் பகல் வெளிச்சத்தில், நேராக, தெளிவாக எடுங்கள். வால்வுகளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணைக் குறித்து, அதே சாக்கெட்டில் திருப்பி வையுங்கள். ஏ.ஆர்.88-இல் பெரும்பாலானவை உலோகக் கூடு போட்ட வால்வுகள். 6எஸ்.ஜி.7, 6எஸ்.ஏ.7, 6எச்.6 எல்லாம் கறுப்பாக, உள்ளே எரிவது தெரியாமல் இருக்கும். "பாதி வால்வு எரியவே இல்லை" என்று புதியவர்கள் பதறுவது இதனால்தான்.

அடுத்து, முன்னால் யார் கைவைத்தார்கள் என்று துப்பறியுங்கள். சால்டரிங் ஒரே சீராக மங்கலாக இருந்தால் கம்பெனி வேலை. நடுவில் பளபளவென்று ஒரு ஈயக் கட்டி, பிளாஸ்டிக் ஒயர், முன்பலகையில் புதிதாகப் போட்ட ஓட்டை, வால்வு சாக்கெட்டில் ஒட்டிய டயோடு இவையெல்லாம் பின்னால் வந்தவர்களின் கைரேகை. இவற்றைப் படமெடுத்துத் தனியாக வையுங்கள். நிபுணர் முதலில் பார்க்க விரும்புவது இவற்றைத்தான்.

மேனுவலைத் தேடி எடுத்து, சர்க்யூட் பக்கத்தைப் பெரிய தாளில் அச்சடித்துவிடுங்கள். எழுபது வயதுப் பெரியவர் முன்னால் செல்போனை நீட்டி "சார், ஜூம் பண்ணிப் பாருங்க" என்பது மரியாதையும் இல்லை, வேலைக்கும் ஆகாது.

இரண்டு எச்சரிக்கை. போர்க்கால விமானக் கருவிகளின் முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். அது இன்று ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போகவில்லை. மீட்டர் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். தகர டப்பாவில் அடைத்த எண்ணெய்க் கண்டன்சர் கசிந்திருந்தால் அந்த எண்ணெய் நச்சாக இருக்கலாம். கையுறை இல்லாமல் துடைக்க வேண்டாம்.

ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்

"எல்லாம் தெரிந்த ஒரே ஆள்" என்று தேடினால் கிடைக்கமாட்டார். வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெரிந்தவரைத் தேடினால் கிடைப்பார்கள்.

ஹாம் ரேடியோக்காரர்கள்தான் முதல் வாசல். வி.யு.2 என்று தொடங்கும் பழைய அழைப்புக்குறி வைத்திருக்கும் மூத்தவர்களில் பலர் இந்த செட்டுகளிலேயே கேட்டுப் பழகியவர்கள். சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. நாடு முழுவதற்கும் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊரில் நடக்கும் ஹாம்ஃபெஸ்டுக்குப் போனால் ஒரே நாளில் பத்துப் பேரைப் பிடிக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு ரேடியோ சொசைட்டி ஆஃப் ஸ்ரீலங்கா. உங்களுக்கு ஹாம் லைசென்ஸ் இல்லை என்பது ஒரு தடையே அல்ல; ரிசீவரைப் பற்றிக் கேட்க வந்த இளைஞரைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர்களை யாரும் நினைப்பதே இல்லை. 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களில் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற தானியங்கி ஆபத்து அழைப்பு முறை முழுமையாக வந்து மோர்ஸ் முடிவுக்கு வரும்வரை, நடுக்கடலில் ரிசீவர் படுத்தால் இருக்கிற சாமானை வைத்து எழுப்பியவர்கள் அவர்கள். எந்தப் பகுதியில் பழுது என்று காதாலேயே பிரித்துச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. துறைமுக ஊர்களில் விசாரியுங்கள். ராணுவ சிக்னல்ஸ் பிரிவு, ஆகாசவாணி, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் ஆகியவற்றில் ஓய்வு பெற்ற டெக்னீஷியன்களும் இதே ரகம்.

பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வால்வையும் கண்டன்சரையும் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் அவர்கள் பழகியது வீட்டு ரேடியோ. ஒரு ஸ்டேஷனை வைத்து, சத்தம் அதிகமாகும்வரை ஐ.எஃப்.டி. என்ற ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரைத் திருகுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். கம்யூனிகேஷன் ரிசீவரில் அந்தத் திருகல் வேலையைக் கெடுக்கும். கண்டன்சர் மாற்றும் வேலையை நம்பிக் கொடுக்கலாம், அலைவரிசைகளைச் சரியாகப் பொருத்தும் அலைன்மெண்டை வேண்டாம் என்பது என் கருத்து. வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களும் அப்படித்தான். பவர் சப்ளை, ஆடியோ இரண்டிலும் கெட்டிக்காரர்கள். அதற்கு முன்னால் இருக்கும் சிக்னல் பகுதி அவர்கள் தொழில் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்கு வைண்டிங் கடை. எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் போடாமல், சுற்றுகளை எண்ணியபடி பிரித்து அதே இரும்புக் கோரில் திரும்பச் சுற்றித் தரும் கடைகள் பெரிய ஊர்களில் இன்னும் உண்டு.

வெளிநாட்டில் இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் பிரிட்டிஷ் வின்டேஜ் ஒயர்லெஸ் சொசைட்டி, ராணுவ செட்டுகளுக்கு வி.எம்.ஏ.ஆர்.எஸ்., எடிஸ்டோன் வைத்திருப்பவர்களுக்கு எடிஸ்டோன் யூசர் குரூப். அமெரிக்காவில் 1952-இல் தொடங்கிய ஆன்டிக் ஒயர்லெஸ் அசோசியேஷன். செட்டை அங்கே அனுப்ப முடியாதுதான். ஆனால் உங்கள் மாடலுக்கு வழக்கமாக வரும் நோய் எது என்று இவர்களிடம் தெரிந்துகொண்டு, அதை உள்ளூர் ஆளிடம் சொல்லலாம்.

போனில் என்ன கேட்பது

"சார், என்கிட்ட ஒரு பழைய ரேடியோ இருக்கு, வேலை செய்யல, சரி பண்ணித் தருவீங்களா?" என்று தொடங்கினால் "இப்பல்லாம் பண்றதில்லப்பா" என்ற பதில்தான் வரும். "வணக்கம் சார். ஆர்.சி.ஏ. ஏ.ஆர்.88டி ஒன்று இருக்கு. பவர் கொடுக்கவே இல்லை. டேப் 230-இல் இருக்கு. அடியில் பத்து கண்டன்சர் யாரோ மாற்றியிருக்காங்க. மேனுவல் இருக்கு, படம் அனுப்பட்டுமா?" இப்படிக் கேட்டுப் பாருங்கள். எதிர்முனையில் குரலே மாறும்.

அவரை எடைபோட மூன்று கேள்விகள் போதும். கேட்கும் தொனி பரீட்சை வைப்பதுபோல் இருக்கக்கூடாது, தெரிந்துகொள்ளும் ஆர்வமாக இருக்கட்டும்.

முதல் கேள்வி: "முதல்ல எப்படி சார் பவர் கொடுப்பீங்க?" சீரிஸ் லேம்ப் (தொடரில் ஒரு பல்பு) என்றோ டிம்மர்ஸ்டாட் (வோல்ட்டை மெல்ல ஏற்றும் கருவி) என்றோ, ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வைக் கழற்றிவிட்டு என்றோ சொன்னால் நல்ல அறிகுறி. "நேரா போட்டுப் பார்த்திடலாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு போனை வையுங்கள்.

இரண்டாவது: "காகிதக் கண்டன்சரை எல்லாம் மாற்றணுமா?" எல்லாவற்றையும் என்பவரும் உண்டு, சோதித்து மாற்றுபவரும் உண்டு, இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. "மல்ட்டிமீட்டர்ல பார்த்தேன், நல்லா இருக்கு" என்ற பதில்தான் ஆபத்து. மல்ட்டிமீட்டரின் சின்ன பேட்டரியில் தெரியாத லீக், 250 வோல்ட்டில்தான் வெளியே வரும். கெட்ட காகிதக் கண்டன்சர், தன் மேல் போட்டிருக்கும் அளவைவிட மீட்டரில் அதிகமாகக் காட்டி ஏமாற்றவும் செய்யும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: "ஐ.எஃப். எந்த அலைவரிசையில் சார் அலைன் பண்ணுவீங்க?" மேனுவலில் 455 என்று இருக்கிறது. ஆனால் கிரிஸ்டல் ஃபில்டர் உள்ள செட்டில், அந்த எண்பது வருஷக் கிரிஸ்டல் இன்று எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் உண்மையான ஐ.எஃப். முதலில் கிரிஸ்டலின் உச்சத்தைக் கண்டுபிடித்து, மற்ற ஐ.எஃப்.டி.க்களை அதற்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும். 455 என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால், பக்கத்து நிலையங்களை ஒதுக்கும் செலக்டிவிட்டி சுவிட்சை 3-க்கோ அதற்கு மேலோ திருப்பியதும் சத்தம் விழுந்துவிடும். "கிரிஸ்டலைப் பார்த்துட்டுத்தான்" என்று சொல்பவர் கிடைத்துவிட்டால் விடாதீர்கள். அவர் ஆறு மாதம் ஆகும் என்றாலும் காத்திருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அலைன்மெண்ட் கடைசியில பார்ப்போம், தேவைப்பட்டா" என்று அவராகவே சொன்னால் அவர் விஷயம் தெரிந்தவர். எதைத் தொடக்கூடாது என்று தெரிந்த கைதான் இந்த வேலைக்கு வேண்டும்.

பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம், முன்பலகையில் ஓட்டை போட வேண்டாம், வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைக்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தகர டப்பாக் கண்டன்சர்களை வெளியே அப்படியே வைத்து உள்ளே புதியதை அடைப்பதா, டப்பாவை ஒதுக்கிவிட்டு நேராகப் புதியதைக் கட்டுவதா? முதலாவது பார்க்க அழகு, நேரம் மூன்று மடங்கு. ஒட்டுமொத்தக் காண்ட்ராக்ட் வேண்டாம். முதலில் பார்த்துச் சொல்ல இவ்வளவு, பிறகு கட்டம் கட்டமாக என்று பேசுங்கள்.

பெரியவர்கள் பலர் காசு வாங்கமாட்டார்கள். அப்போது சாமான் செலவு முழுவதையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டன்சர், 450 வோல்ட் எலக்ட்ரோலிடிக், ரெசிஸ்டர், ஃபியூஸ் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். வாங்கும்போது கொஞ்சம் அதிகமாகவே வாங்கி, மிச்சத்தை அவர் மேஜையில் விட்டுவிட்டு வரலாம். வால்வுகளை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் பழுது வால்வில் இருக்காது.

ஏ.ஆர்.88 பெட்டியோடு சுமார் 45 கிலோ. தனியாகத் தூக்கி முதுகைப் போக்கிக்கொள்ள வேண்டாம். பெட்டியிலிருந்து சாசியைக் கழற்றி இரண்டாகத் தூக்குங்கள். காரில் செட்டுக்கு அடியில் பழைய மெத்தை போட்டு, குமிழ்கள் எதிலும் இடிக்காதபடி வையுங்கள். பார்சல் சர்வீஸ் வேண்டவே வேண்டாம்.

பட்டறையில் நடப்பது

பக்கத்தில் உட்கார அனுமதி கிடைத்தால் போய் உட்காருங்கள். நல்ல ஆள் செய்யும் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். 5ஒய்3 ரெக்டிஃபயரைக் கழற்றிவிட்டு, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுப் பவர் கொடுப்பார். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. பல்பு மங்கலாக நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. பளீரென்று எரிந்தால் உடனே அணைப்பார். கொஞ்ச நேரம் விட்டு, கையால் சூடு பார்ப்பார், மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கண்டன்சர் மாற்றம், ரெக்டிஃபயர் திரும்ப உள்ளே.

அடுத்து அவர் மீட்டரின் ஒரு முனையை அவுட்புட் வால்வான 6கே6-இன் கண்ட்ரோல் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) வைப்பார். அங்கே மைனஸ் வோல்ட் காட்ட வேண்டும். சில நிமிடங்களில் முள் மெல்லப் பிளஸ் பக்கம் நகர்ந்தால் இரண்டில் ஒன்று: முந்தைய நிலையிலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் லீக், அல்லது வால்வே கெட்டது. எது என்று கண்டுபிடிக்க வால்வைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி அளப்பார். பிளஸ் அப்படியே இருந்தால் கண்டன்சர், மறைந்தால் வால்வு. இந்தச் சின்னக் கண்டன்சரை விட்டுவைத்தால் அவுட்புட் வால்வு கண்டபடி கரண்ட் இழுத்து, கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோய்விடும். முழு செட்டில் ஒரே ஒரு கண்டன்சர் மாற்றத்தான் அனுமதி என்றால் இதைத்தான் மாற்றுவேன்.

பேண்ட் சுவிட்சுக்குக் காண்டாக்ட் கிளீனர், கொஞ்சமாக, பஞ்சுக்குச்சியில். கண்ட எண்ணெய் ஸ்பிரேயைப் பீய்ச்சினால் சுவிட்ச் தகடு அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு லீக் ஆகும். டயல் பல்சக்கரங்களில் இறுகிப்போன பழைய கிரீஸை எடுத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால், ஏ.ஆர்.88-இன் டியூனிங் குமிழை ஒரு சுண்டு சுண்டினால் தானாக ஓடும். அந்த ஓட்டத்துக்காகவே இந்த செட்டை வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

நிபுணருக்கு மறுநாளே போன் போட்டு "மறுபடி கெட்டுப்போச்சு" என்று சொல்லும் முன் சிலதைப் பாருங்கள். ஏ.ஆர்.88-இன் உள்ளே ஸ்பீக்கர் கிடையாது. வெளியே ஒன்று இணைக்கணும், ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவும் கூடாது. பவர் சுவிட்சில் "டிரான்ஸ்" என்று ஒரு நிலை உண்டு. அதில் வால்வு சூடாக இருக்கும், விளக்கு எரியும், ரிசீவர் மட்டும் ஊமை. டிரான்ஸ்மிட்டர் பேசும்போது வாயை மூடிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. குரல் ஒலிபரப்புக்கு "ரெக் மாட்", மோர்ஸுக்கு "ரெக் சி.டபிள்யூ." நிலைக்குத் திருப்புங்கள்.

காலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஹாம்கள் பேசுவது வாத்து கத்துவதுபோல் கேட்கும். அது பழுது இல்லை, சிங்கிள் சைட்பேண்ட் என்ற குரல் அனுப்பும் முறை. சத்தத்தைத் தானே சீராக்கும் ஏ.வி.சி.யை அணைத்து, பி.எஃப்.ஓ.வைப் போடுங்கள். வரும் சிக்னலைப் பெருக்கும் ஆர்.எஃப். கெயினை நன்றாகக் குறைத்து, ஆடியோ கெயினை முழுக்க ஏற்றிவிட்டு, பி.எஃப்.ஓ. குமிழை முடியளவு நகர்த்துங்கள். இந்தச் செட்டில் பி.எஃப்.ஓ.வின் வலு குறைவு. வரும் சிக்னலை அடக்கினால்தான் குரல் மனிதக் குரலாகும். எல்லா பேண்டிலும் ஒரே இரைச்சல் என்றால் வீட்டில் இன்வெர்ட்டரையும் எல்.இ.டி. பல்புகளையும் அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து மீட்டர் ஒயர் கட்டினால் போதும், ஆனால் இடி மின்னலின்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

மாற்றிய பாகங்களின் பட்டியல், தேதி, அவர் அளந்து சொன்ன வோல்ட்டேஜ்கள், கிரிஸ்டலின் உண்மையான அலைவரிசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியின் உள்பக்கத்தில், வால்வுச் சூடு படாத இடமாகப் பார்த்து ஒட்டிவிடுங்கள்.